தோட்டத்துக்கு ஒரு பட்டறை

இலங்கையின் முதல் தேயிலைத் தொழிற்சாலை ஒரு வீட்டு இஸ்தோப்பு. கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைத்தொடரில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பித் தோட்டத்தில் வேலை பார்க்க இளம் வயதிலேயே கப்பலேறி வந்தவர் அவர். கொழுந்தைத் தூளாக்கும் இயந்திரம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பங்களா இஸ்தோப்பில் மேசைகளைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்திக் கொழுந்தை உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரியை மூட்டி, மேலே கம்பிவலைத் தட்டுகளை வைத்துக் காய்ச்சி எடுத்தார். அந்தத் தூளை அக்கம்பக்கத்துத் துரைமார் இறாத்தல் ஒன்றரை ரூபாய் கொடுத்து வாங்கிக் குடித்தார்கள்.

1872இல் அவர் தனியாக ஒரு தொழிற்சாலை கட்டினார். தானே வடிவமைத்த உருட்டும் இயந்திரத்தைத் தண்ணீர்ச் சக்கரத்தின் விசையில் ஓடவிட்டார். அடுத்த ஆண்டு 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தபோது, மலையகம் திரும்புவதற்கு இன்னொரு பயிரும் அதைப் பதப்படுத்தும் வழியும் கைவசம் இருந்தன. செய்து பார்த்து, பிழையானதைத் திருத்தி, மறுபடியும் செய்து பார்த்த ஒரு வீட்டு வேலைத்தளம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

தேயிலைத் தொழிலின் மற்ற இயந்திரங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அசாமின் கச்சார் பகுதியில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன், கரி அடுப்பில் கொழுந்து காய்ச்சுவதைப் பார்த்துப் பார்த்துச் சூடான காற்றால் உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். பிறகு பெல்பாஸ்ட் நகரில் 1881இல் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்தப் பெயரை அறியாத பழைய தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் குறைவு.

இந்த இருவருக்கும் பொதுவாக இரண்டு வசதிகள் இருந்தன. வேலை நடக்கும் இடத்திலேயே அவர்கள் வாழ்ந்தார்கள். அந்த வேலையைக் கழற்றி மாட்டிப் பார்க்க இடமும் கருவியும் உரிமையும் அவர்களிடம் இருந்தன. அதே மேசையில் கொழுந்து உருட்டிய தொழிலாளர்களுக்கு முதல் வசதி மட்டுமே கிடைத்தது. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனி என்று காவல் தெய்வம் வைத்துக் கும்பிட்ட சமூகம் இது. ஆனால் அந்தச் சக்கரத்தை மாற்றி அமைக்கும் உரிமை அவர்கள் கைக்கு வரவில்லை.

விளைவு கண்ணெதிரே தெரிகிறது. ஒன்றரை நூற்றாண்டில் உருட்டும் இயந்திரம் மாறிவிட்டது, உலர்த்தும் அடுப்பு மாறிவிட்டது, தூளைத் தரம் பிரிப்பதும் மாறிவிட்டது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடை பல இடங்களில் பையாக மாறியிருக்கிறது. கயிறு மட்டும் இன்னும் நெற்றியிலேயே இருக்கிறது. அந்தக் கயிறு கழுத்தை என்ன செய்கிறது என்பதை அறிந்தவரிடம் அதை மாற்றிப் பார்க்க ஒரு மேசையும் தையல் இயந்திரமும் நாலு அலுமினியக் குழாயும் இல்லை. மலையகத் தோட்டம் ஒவ்வொன்றிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிறு பட்டறை வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே முதல் காரணம்.

திறமை இல்லாத இடத்தில் பட்டறை வைத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களுக்குள் போய்ப் பார்க்கலாம். பழுதான கிரைண்டரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றிக் கொடுப்பவர், எரிந்துபோன எல்ஈடி மின்குமிழைப் பிரித்துப் பழுதான ஒற்றை எல்ஈடியைக் கண்டுபிடிப்பவர், மோட்டார் சைக்கிள் கழிவிலிருந்து தண்ணீர்ப் பம்பு செய்பவர் என்று ஊருக்கு ஒரு பாஸ் இருக்கவே செய்கிறார். மலையகத்துக்கு வெளியேயும் இதே கைத்திறன்தான்: 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து வீடுகளில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் துளியளவு மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து விளக்கெரித்துப் படித்தவர்கள் பரீட்சையில் தேறினார்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, பழைய வாகன பற்றரியையும் 12 வோல்ட் விளக்கையும் இணைத்து வீட்டுக்கு ஒளி கொடுத்தவர்களும் இப்படிப்பட்ட கைகளுக்குச் சொந்தக்காரர்களே.

கோயம்புத்தூரின் ஜி.டி.நாயுடு இளமையில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் கழற்றினார், திரும்ப மாட்டினார். ஒரு நகரத்தின் பொறியியல் மரபில் ஒரு கிளை அப்படியொரு கழற்றலில் இருந்து தொடங்கியது. கழற்றுவதற்கு ஒரு வண்டியும் அதைப் பரப்பி வைக்கத் தரையும் அவருக்குக் கிடைத்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில், சமையலும் படுக்கையும் பள்ளிப் புத்தகமும் போக எதைப் பரப்பி வைப்பது?

இடமின்மையைவிடப் பெரிய பிரச்சினை ஆபத்து. லயன் குடியிருப்பில் மின்னொழுக்கால் தீ பிடித்து ஒரே இரவில் பல குடும்பங்கள் உடுத்திய துணியோடு நிற்கும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. பல தடவை அந்தத் தீயின் கதை மிக எளிது. விளக்குக்காக இழுத்த 1/1.13 வயரில் பிளக்கைப் பொருத்தி 2,000 வாட் கேத்தலைப் போடுகிறார்கள். 230 வோல்ட்டில் அந்தக் கேத்தல் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பிளக் பொயிண்டுக்குப் போக வேண்டியது ஏழு இழை கொண்ட 7/0.67 வயர், அதன் செப்பின் குறுக்களவு விளக்கு வயரைப் போல இரண்டரை மடங்கு. மெல்லிய வயரின் இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும். மேலே கூரையின் மரச் சட்டங்கள்.

டிரிப் சுவிட்ச்சை நேராக்கிவிட்டு, அதாவது அதைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டு, பழுது தீர்ந்தது என்று நினைப்பது இன்னும் கொடுமை. வீடுகளுக்குரிய டிரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழ வேண்டும். 40 வாட்டின் பழைய மின்குமிழ் ஒன்றில் ஓடும் மின்னோட்டம் அதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்த அதில் ஒரு பகுதி போதும். இந்தக் கணக்கை ஒரு மல்டிமீட்டரோடு அரை மணி நேரத்தில் கற்பிக்கலாம். கற்பிக்க இடம் இல்லாததால் கைத்தொலைபேசிக் காணொளிதான் குருவாகிறது. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மாற்றியைக் கழற்றி மரத்தில் மின்னல் கோலம் எரிக்கும் காணொளிகள் அந்தக் குருக்களில் ஒன்று. அந்த மாற்றி கொடுப்பது ஏறத்தாழ 2,000 வோல்ட். உலகெங்கும் பலர் அதில் உயிரிழந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடை விதித்திருக்கிறது.

ஆகவே தொடாதே என்று சொல்லிவிடலாமா? அந்த அறிவுரை எங்கும் பலித்ததில்லை. தேவை இருக்கும் இடத்தில் கை போகத்தான் செய்யும். டொக்டர் விஜய கொடகும்புர வேறு வழியைத் தேர்ந்தார். கவிழ்ந்த போத்தல் விளக்குகளால் எரிகாயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் அவர். விளக்கையே மாற்றினார். மார்மைட் போத்தலைப் பார்த்து, குட்டையான, கனமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு சிறு விளக்கை வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாது, மூடி கழன்று எண்ணெய் சிந்தாது. ‘சுதீப’ என்ற அந்த விளக்குக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் செய்வதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி காட்டினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இலங்கையிலேயே உள்ள சான்று இது.

பட்டறை கிடைத்தால் ஹேவாஹெட்ட இளைஞர்கள் என்ன செய்வார்கள்? மலையும் ஓடையும் உள்ள ஊரில் முதல் பதில் தண்ணீரிலேயே இருக்கிறது. ஓடை நீரை ஒரு குழாயில் திருப்பி வாளியில் பிடிக்க வேண்டும். 20 லீற்றர் வாளி நான்கு விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லீற்றர். குழாயின் வாயிலிருந்து சக்கரம் வைக்கும் இடம் வரை செங்குத்து இறக்கம் 30 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பெருக்கி, மேலும் 9.81ஆல் பெருக்கினால் 1,470 வாட்டுக்குச் சற்று அதிகம். குழாயிலும் சக்கரத்திலும் மின்பிறப்பாக்கியிலும் பாதி வீணானாலும் 700 வாட் மிஞ்சும். 9 வாட் எல்ஈடி மின்குமிழ் எழுபதுக்கு மேல் எரியும்.

மின்பிறப்பாக்கியைக்கூடப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய இன்டக்ஷன் மோட்டாரைக் கெப்பாசிட்டர்களுடன் இணைத்து, அதன் வழக்கமான வேகத்தைவிடச் சற்று வேகமாகச் சுழற்றினால் அதுவே மின்சாரம் தரும். விளக்குகளை அணைத்ததும் சக்கரம் வெறிகொண்டு ஓடி வோல்ட் ஏறாமல் இருக்க, மிச்ச மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். சக்கரம் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் கை வைக்கக்கூடாது. இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டறையின் பயன் அங்கேதான் இருக்கிறது.

இது கனவுக் கணக்கு இல்லை. தேசிய மின்வலையமைப்பு வரும் முன்னர் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் ஓடைகளிலேயே தொழிற்சாலைகளை ஓட்டின. 1990களிலிருந்து, மின்கம்பி எட்டாத இலங்கைக் கிராமங்களில் மக்களே சங்கம் அமைத்து நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டி நடத்தினார்கள். அவற்றின் சக்கரங்கள் பல உள்நாட்டுச் சிறு பட்டறைகளில் செய்தவை. மின்சார சபையின் கம்பி எட்டிய பின் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. அந்த அறிவைச் சுமந்தவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது.

பிள்ளைகளை மறுபடியும் சுத்தியலுக்கும் கரிக்கும் தள்ளப் பார்க்கிறீர்களா என்று சில பெற்றோர் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக உடல் உழைப்புக்கு மட்டுமே அழைக்கப்பட்ட சமூகத்தில் அந்தக் கோபம் நியாயமானது. இந்தியாவின் புனே மாவட்டத்துப் பாபல் கிராமத்தில் டொக்டர் எஸ்.எஸ்.கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம் அதற்குப் பதில் தருகிறது. பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சி வேலையை விட்டு வந்தவர் அவர். வெல்டிங், வயரிங், விவசாயம், சமையல் என்று கையால் செய்வதன் வழியாகவே விஞ்ஞானத்தைக் கற்பித்தார். மாணவர்கள் ஊருக்குத் தேவையான கதவையும் தொட்டியையும் செய்துகொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே படித்தார்கள். 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ‘ஃபேப் லேப்’ என்ற கணினிசார் பட்டறை அங்கே வந்தது. கை வேலையும் மேற்படிப்பும் எதிரெதிர் அல்ல என்பதை அந்த ஊர் காட்டிவிட்டது. இலங்கையிலும் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. ஆனால் பாடசாலை விட்டதும் அந்த மாணவருக்குத் திருகாணியைத் தொட இடமில்லை.

முதல் பட்டறையை லூல்கந்துரவை அண்டிய ஹேவாஹெட்டப் பகுதியிலேயே தொடங்குவது பொருத்தம். டெய்லர் அமர்ந்த கல் இருக்கையைப் பார்க்க அங்கே பயணிகள் வருகிறார்கள். அவர்களால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். தோட்ட நிர்வாகம் பயன்பாட்டில் இல்லாத ஒரு களஞ்சிய அறையைக் கொடுக்கட்டும். மேசை வைஸ், துளை இயந்திரம், மல்டிமீட்டர், சோல்டரிங் அயன், கண்ணாடிக் கவசம், தீயணைப்பான், தனியான 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் ஆகியவை முதல் பட்டியல். ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பிட்டர் ஒருவரும் தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவரும் பொறுப்பேற்க வேண்டும். கண்டிக்கு அருகில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள் சனிக்கிழமைகளில் வரலாம்.

விதிகளும் தெளிவாக இருக்க வேண்டும். புதியவர் 12 வோல்ட்டில் தேறிய பிறகே 230 வோல்ட் மேசைக்குப் போகலாம். அங்கும் தனியாக வேலை செய்யக்கூடாது. வீட்டின் நிலையான வயரிங்கைத் தகுதிபெற்றவரே தொட வேண்டும். பெண்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் நேரம் முடிந்து வீட்டு வேலை தொடங்குவதற்கு முன் அந்த நேரம் அமைய வேண்டும்.

முதல் ஆண்டுக்கு மூன்று வேலைகள் போதும்: லயன் லயனாகப் போய் ஆபத்தான இணைப்புகளைக் கணக்கெடுத்து நிர்வாகத்திடம் கொடுப்பது, ஓடை ஒன்றை அளந்து, அனுமதி பெற்று, பாடசாலைக்கு வெளிச்சம் தரும் சிறு சக்கரம் ஒன்றை ஓடவிடுவது, கொழுந்துப் பையின் பாரத்தை நெற்றியிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் இறக்கும் வாரை, அதைச் சுமக்கும் பெண்களைக் கொண்டே வடிவமைப்பது. மூன்றுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை. பெருந்தோட்ட அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சில் இந்தக் கோரிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும்.