ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டு!

பல்கலைக்கழகத்தில் சாதி என்று பேச ஆரம்பித்தால் நாம் வழக்கமாக எடுத்துக்கொள்வது நாலு விசயம்: ரோஸ்டர், உதவித்தொகை, விடுதி, ஆய்வு நெறியாளரின் அடாவடி. நாலுமே முக்கியம்தான். அய்ந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கணிப்பொறி. சிரிக்க வேண்டாம் தோழர்களே. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் சாதி கிடையாதுதான். ஆனால் அதை யார் பெயரில் வந்த காசில் வாங்குகிறார்கள், எந்த அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள், கெட்டுப்போனதும் யார் தலையில் ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் மூன்று இடத்திலும் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் தடயம் வைத்திருக்கிற நோட்டு ஒன்று ஒவ்வொரு துறையிலும் இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாக் ரிஜிஸ்டர். நம் மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

முதலில் காசு. 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் நமக்குள்ள விகிதத்துக்கு ஏற்ப திட்டப் பணத்தில் நமக்குப் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசுக் கணக்கில் அதற்குத் தனி எண்ணே உண்டு: 789. பட்டியல் சாதியினருக்கான பணம் என்று அடையாளம் காட்டுகிற எண் அது. பல்கலைக்கழக மானியக் குழு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தருகிற மானியத்திலும் இந்தத் தலைப்பில் பிரித்துத் தருகிற பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே போட்டாயிற்று. சரி, நம் பெயரில் வந்த அந்தப் பணத்தில் வாங்கிய கணிப்பொறி எது? அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "லேப் எல்லாருக்கும் பொதுதானே தம்பி, அதுல எஸ்.சி. பசங்களும் படிக்கிறாங்கல்ல?" ஊர்ப் பொதுக்கிணறும் எல்லாருக்கும் பொதுதான் என்றுதான் சொன்னார்கள். தண்ணி எடுக்கப் போனவனுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கொள்முதல். மார்ச் மாதம் வந்தால் துறைகளுக்குச் சாமி வந்துவிடும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று அவசர அவசரமாக வாங்குவார்கள். குறிப்பிட்ட கம்பெனியின் பெயரைப் போடக்கூடாது என்பது அரசுக் கொள்முதலின் பாலபாடம். பெயர் போட மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு கம்பெனியின் ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அளவெடுத்து நிபந்தனை தைப்பார்கள். சின்னக் கொள்முதல் என்றால் மூன்று கொட்டேஷன். மூன்று லெட்டர்பேடும் ஒரே ஆள் கொண்டுவந்ததாக இருக்கும். இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. மத்திய அரசு 2016இல் ஜெம் என்கிற மின்சந்தையைத் திறந்தது. வழி மாறியிருக்கிறது. நிபந்தனையை எழுதுகிற கை மாறியிருக்கிறதா?

இன்னொன்று. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை சொல்கிறது. கணிப்பொறி விற்று, சர்வீஸ் பண்ணிப் பிழைக்கிற நம்ம பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மேடையில் சமூகநீதி பேசுகிற பல்கலைக்கழகம் தன் கொள்முதல் பட்டியலில் இவர்களுக்கு எத்தனை ரூபாய் போயிருக்கிறது என்று கூட்டிப் பார்த்து வெளியே சொல்லட்டுமே.

வாங்கியாயிற்று. அப்புறம் பராமரிப்பு. மூன்று வருச வாரண்டி முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். முதலில் யு.பி.எஸ். பேட்டரி சாகும். பிறகு ஒவ்வொன்றாகத் திரை கறுக்கும். மிச்சம் நன்றாக இருக்கிற இயந்திரங்கள் துறைத்தலைவர் அறைக்கும், அவருக்கு வேண்டிய ஆய்வாளர்களின் மேசைக்கும் நகரும். லேப் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். நாலரை மணிக்குப் பூட்டு. வசதியுள்ள மாணவனுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, அவனிடம் சொந்த மடிக்கணினி இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்ம பிள்ளை, வராத உதவித்தொகையை நம்பிக் கடன் வாங்கி, டைப்பிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆய்வேட்டை முடிக்கிறாள். கருவி இல்லாமை நம்ம பிள்ளைகளை என்ன செய்யும் என்பது தெரியாத விசயமல்ல. 2020 ஜூன் 1 அன்று, ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்த முதல் நாளிலேயே, கேரளத்தில் ஒரு தலித் பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் இல்லை.

"அதான் அரசாங்கம் லேப்டாப் குடுக்குதே" என்பார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. 2011இல் தொடங்கிய திட்டம் நம் சேரிகளுக்குள் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று அறிவித்தார்கள். ஆனால் அரசாங்கம் கையில் கொடுத்தது, பல்கலைக்கழகம் தன் பங்கைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது. புள்ளியியல் மென்பொருளும் பெரிய திரையும் அச்சு இயந்திரமும் லேபுக்குள்தான் இருக்கின்றன.

இப்போது உடனடியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. 2017க்கு முந்தைய இன்டெல் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதாவது, ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரங்களையே "பழசு" என்று சொல்லிக் கண்டெம் பண்ணப் போகிறார்கள். அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருசம் ஓடும். காசு கொடுக்கத் தேவையில்லை. அரசின் சி-டாக் நிறுவனமே பாஸ் என்று ஒரு லினக்ஸ் வைத்திருக்கிறது. நினைவுகூட்டித்தட்டு ஒன்றை மாற்றினால் இன்னும் வேகமாக ஓடும். இந்த இயந்திரங்கள் போகவேண்டிய இடம் எடைக்கடை அல்ல. 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றிய நம் விடுதிகள். பெயரை மாற்றியவர்கள் ஒவ்வொரு விடுதியிலும் பத்துக் கணிப்பொறி உள்ள ஒரு அறையைத் திறக்கட்டும்.

உண்மையிலேயே செத்துப்போன இயந்திரங்களின் கதை இன்னும் கேவலம். துறை மாடிப்படிக்கு அடியில் வருசக் கணக்கில் குவிந்து கிடக்கும். ஒருநாள் ஏலம். தூக்குவது யார்? பேராசிரியரா, அலுவலக உதவியாளரா? அவுட்சோர்சிங்கில் வந்திருக்கிற துப்புரவுத் தொழிலாளி, கையுறைகூட இல்லாமல். பழைய டியூப் மானிட்டரின் கண்ணாடியில் காரீயம் கிலோக் கணக்கில் இருக்கிறது. அங்கிருந்து காயலான் கடை. அங்கிருந்து டெல்லி சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொரதாபாத். கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். சர்க்யூட் பலகையை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள், பிழைக்க வந்த கூலிகள், பெண்கள், பிள்ளைகள். மேலே அறிவு, கீழே அழுக்கு. மலக்குழியில் நடந்த அதே பங்கீடுதான் கணிப்பொறியிலும் நடக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்கழிவு விதிகள் 2011இல் வந்தன, 2016இல் மாறின, 2022இல் மறுபடி எழுதப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பட்டியலில் உள்ள மின், மின்னணுச் சாதனங்கள் ஆயிரம் வைத்திருந்தாலே அது மொத்தப் பயன்பாட்டு நிறுவனம். பெரிய பல்கலைக்கழகம் எல்லாமே இதற்குள் வரும். மின்கழிவைப் பதிவு பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அதிக விலை சொன்ன காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிடுவது விதிமீறல்.

இதில் நம்மை நேராகத் தொடுகிற ஆபத்து வேறொன்றும் இருக்கிறது. அலுவலகக் கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது? நம் சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண், ஆதார், மதிப்பெண், விடுதிப் புகார். அழித்தாலும், சாதாரணமாக ஃபார்மேட் செய்தாலும் பெரும்பாலும் மீட்டெடுத்துவிடலாம். மேலெழுதி அழிக்க வேண்டும், இல்லையேல் உடைத்து நொறுக்க வேண்டும். யார் அழித்தார் என்று கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத ஏலம் நம் பிள்ளைகளை எடைக்குப் போடுகிற ஏலம்.

ஆகவே மாணவர் தோழர்கள் செய்ய வேண்டியது இது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு. ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் அச்சட்டத்தில் அடக்கம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள் அய்ந்து போதும். கடந்த அய்ந்து வருசத்தில் 789இல் அல்லது துணைத்திட்டத் தலைப்பில் வந்த தொகை எவ்வளவு, அதில் வாங்கிய கருவிகள் எந்த அறையில்? யாரிடம் வாங்கினீர்கள்? ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு கடைசியாக எப்போது? கண்டெம் செய்தது எத்தனை, யார் வாங்கினார், பதிவுச் சான்று எங்கே? டிஸ்க்கை அழித்த பதிவேடு எங்கே?

பதில் வந்ததும் நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று ஒட்டுங்கள். ரிஜிஸ்டரில் ஒன்று இருந்து அறையில் இல்லாவிட்டால், எங்கே என்று கேட்பது திருட்டுப் புகார் அல்ல. அது நம் பங்கைக் கேட்பது. கோயில் கதவைத் திறக்கச் சொல்லிப் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். நாலரை மணிக்குப் பூட்டுகிற லேப் கதவு எம்மாத்திரம்?