அசையாத வெப்பமானி

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றே என்னும் மயக்கம் பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடமும் நீடிப்பதற்கு, உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கும் கிடைக்காமையே முதற்காரணம் எனலாம். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. வெப்பமோ, வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் ஆற்றல். 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக், பனிக்கட்டி உருகும்போது இடைவிடாது வெப்பத்தை ஏற்றபோதிலும் அதன் வெப்பநிலை உயராதிருப்பதை ஆராய்ந்து, அவ்வாறு ஏற்கப்படுவதை உள்ளுறை வெப்பம் என வகுத்தார். மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதில் அது செலவாகிறது என்னும் விளக்கம் பின்னாளில் வந்தது. 0 டிகிரி செல்சியசில் ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க வேண்டிய ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம், உருகி வந்த அதே நீரை 80 டிகிரி வரை சூடேற்றப் போதுமானது என்பதை எண்ணினால், அசையாத வெப்பமானி மறைக்கும் மாற்றம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். கொதிநிலையில் நீர் ஆவியாகத் தேவைப்படும் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 2,260 ஜூல். 100 டிகிரி நீராவி, அதே வெப்பநிலையிலுள்ள நீரைவிடக் கொடிதாகச் சுடுவது இதனாலேயே. சூத்திரத்தில் எண்களைப் பொருத்தும் கணக்குகளுக்கு முன்பாக, ஒரு குவளைப் பனிக்கட்டியையும் ஒரு வெப்பமானியையும் ஆசிரியர்கள் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.