மூக்கு ஏற்கும் ஆக்சிஜன்

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா அலையில், பெங்களூரு ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைந்தது. கான்சென்ட்ரேட்டர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும் என்பதே வீடுதோறும் பேச்சு. அந்த ஆக்சிஜன் நோயாளிக்குள் நுழையும் இரண்டு சிறு பிளாஸ்டிக் முனைகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

சிலிண்டர் ஆக்சிஜனில் ஈரம் கிடையாது. நிமிடத்துக்கு நான்கு லிட்டரைத் தாண்டினால் மூக்கு வறண்டு எரியும், சிலருக்கு ரத்தம் கசியும். குழாய் காதின் பின்புறத்தைப் புண்ணாக்கும். தூக்கத்தில் நோயாளி அதைக் கழற்றிவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியும். சௌகரியத்தைச் சொகுசுக் கணக்கில் எழுதுவது தவறு. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

குறைமாதக் குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மூச்சை விடும்போது நுரையீரல் சுருங்கிவிடாமல் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் முறையை 1971-இல் ஜார்ஜ் கிரிகோரி அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். ஓரிரு ஆண்டுகளிலேயே மூக்கு முனைகள் வந்துவிட்டன. அன்று தொடங்கிய சிக்கல் இன்றும் தீரவில்லை. முனை சிறிதாக இருந்தால் காற்று கசியும், அழுத்தம் குறையும். அதைச் சரிக்கட்ட நாடாவை இறுக்கினால், நாசித் துவாரங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய சதை நசுங்கி வெளுக்கும், கவனிக்காவிட்டால் அழுகும். முனைகளை இணைக்கும் பாலத்துக்கும் அந்தச் சதைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் பெரிய தூரம்.

லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றும் பச்சிளங்குழந்தை மருத்துவர் ரங்கசாமி ராமநாதன் வடிவமைத்த 'ராம் கேனுலா' என்ற மூக்குக் குழாய் இதற்கு ஒரு விடை தந்தது. மென்மையானது, கன்னத்தோடு படிந்து கிடக்கும். அம்மா மார்போடு அணைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் இயந்திரம் காட்டும் அழுத்தம் முழுவதும் நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று ஆய்வுகள் காட்டின. மென்மைக்கும் அழுத்தத்துக்கும் நடுவிலான இந்தப் பேரம்தான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை.

பெங்களூருவின் கோயோ லேப்ஸில் நிதேஷ் குமார் ஜாங்கிரும் சகாக்களும் உருவாக்கிய 'ஸான்ஸ்' வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் மூச்சுத்திணறி இறக்கும் குழந்தைகளுக்கான சிபாப் கருவி அது. மின்சாரம், பேட்டரி, அழுத்திய வாயு, கையால் இயக்கும் பம்பு, எதிலும் ஓடும். 2019-இல் அதற்காக ஜாங்கிருக்குக் காமன்வெல்த் விருதும் கிடைத்தது. 2017-இல் தொடங்கி, ஒப்பந்தம் ரத்தாகி, ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற பெங்களூருவின் ஈஜிபுரா மேம்பாலத்தின் கீழ் நெரிசலில் சிக்கியவர்களுக்கு ஆம்புலன்ஸில் பேட்டரி ஏன் அவசியம் என்று விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் மூக்கு முனையும் நகரும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குக் கருவி வாங்கும் டெண்டரில் அழுத்தமும் விலையும் இருந்தால் போதாது. எடைவாரியாக முனை அளவுகள், அவற்றின் தொடர் விநியோகம், முனையையும் முகமூடியையும் மாற்றி மாற்றிப் பொருத்தும் வசதி, இவையும் நிபந்தனையாக வேண்டும். இரவு முழுக்க அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸுகளிடம் மாதிரிகளைக் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே ஆர்டர் போக வேண்டும்.