லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஹைபிரிட் கார் வைத்திருப்பவரைக் கண்டால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது?” என்பதுதான். ஒருவர் 23 என்பார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர், “எங்கே சார், 17-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது” என்று அலுத்துக்கொள்வார். மூன்றாமவர், “13 கிடைத்தாலே பெரிய விஷயம்” என்பார். கேட்பவருக்குத் தலை சுற்றும். யாரோ மிகைப்படுத்துகிறார்கள், இல்லாவிட்டால் யாருடைய காரிலோ கோளாறு என்று எண்ணத் தோன்றும்.

மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஹைபிரிட் கார் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதை, அது ஓடும் சாலைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இது தெரியாமல் விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பி வாங்குவோர் ஏமாற்றமடைகிறார்கள்; பழி காரின்மேல் விழுகிறது. ஏழெட்டு ஆண்டுக் கடனில் கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

பிரேக்கில் கரையும் பெட்ரோல்

சாதாரணப் பெட்ரோல் கார் நகருக்குள் எரிக்கும் எரிபொருளில் கணிசமான பகுதி பிரேக்கில் வீணாகிறது. சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அதனிடம் ஏறக்குறைய 180 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. நகர ஓட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டி 35 தடவை நின்றாலே ஒரு லிட்டர் பெட்ரோல் போன இடம் தெரியாமல் போய்விடும்.

ஹைபிரிட் கார் இந்த இடத்தில்தான் சம்பாதிக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது அதன் மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த ஆற்றலில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குள் சேர்த்து வைக்கிறது. மறுபடி கிளம்பும்போது அந்த மின்சாரமே காரை நகர்த்துகிறது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. பிரேக் பட்டைகள் கூடுதல் காலம் உழைக்கின்றன என்று பல உரிமையாளர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். நிறுத்தும் வேலையில் பாதியை மோட்டார் செய்துவிடுகிறதே!

நெடுஞ்சாலையில் கதை வேறு. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆகவே மீட்டெடுக்கவும் ஒன்றுமில்லை. அங்கே எரிபொருளைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் கூடக்கூட அது வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறுகிறது. 90 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110-இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஹைபிரிட் என்பதற்காகக் காற்று யாருக்கும் வழிவிடாது.

மூன்று உரிமையாளர்கள்

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். காலையும் மாலையும் நெரிசல்தான். மற்றவர்கள் ஜேமில் பெட்ரோல் எரியும் கவலையில் இருக்கும்போது, இவர் காரின் எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கிறது. லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்பது இவருடைய எண். கார் தனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது என்பார். திடீரென்று பிரேக்கை அழுத்தினால் உராய்வு பிரேக்கே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்; தொலைவிலிருந்தே காலை எடுத்து மெல்ல மிதித்தால் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். திரையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அவர் ஓட்டும் விதமே மாறிவிட்டது.

இரண்டாமவர் ஈப்போவில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதி. ஒருநாள் பட்டர்வொர்த், மறுநாள் கோலாலம்பூர் என்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர். அவருக்குக் கிடைப்பது 17. முன்பு வைத்திருந்த சிறிய பெட்ரோல் காரிலும் ஏறக்குறைய அதுவே கிடைத்தது. “இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தேன்?” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காரில் குறை ஏதும் இல்லை. அவருடைய சாலைக்கு அந்தத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

மூன்றாமவர் தைப்பிங்கில் ஓய்வுபெற்ற பெரியவர். கோயில், சந்தை, மகள் வீடு எல்லாமே மூன்று கிலோமீட்டருக்குள். எஞ்சினும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியும் சூடேறும் வரை ஹைபிரிட் காரும் எஞ்சினை ஓட்டித்தான் தீரும். அது சூடேறி முடிவதற்குள் இவர் வீடு வந்துவிடுவார். கிடைப்பது 13. ஒருமுறை இரண்டு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது கார் கிளம்பவே இல்லை. பெரிய பேட்டரி போய்விட்டது, பல ஆயிரம் செலவு என்று குடும்பமே கலங்கிப்போனது. உண்மையில் தீர்ந்துபோனது, எல்லாக் கார்களிலும் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரி. காரின் கணினிகளை எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் பயனில்லை. சில நூறு ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

இந்த மூவரும் ஒரே மாதிரி காரை வைத்துக்கொண்டு மூன்று விதமாகப் பேசுகிறார்கள். விளம்பரத் தாளில் இருப்பதோ ஒரே ஓர் எண். அந்த எண்ணும் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மேல் சக்கரம் சுற்ற, குளிரூட்டியை அணைத்து வைத்து எடுத்தது. நம் நாட்டு வெயிலில் குளிரூட்டி போடாமல் கார் ஓட்டுபவர் யார்?

எண்ணே கண்ணைக் கட்டும்

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 12 கிலோமீட்டர் கொடுத்த காரிலிருந்து 20 கொடுக்கும் காருக்கு ஒருவர் மாறுகிறார். 20 கொடுத்த காரிலிருந்து 28 கொடுக்கும் காருக்கு இன்னொருவர் மாறுகிறார். இருவருக்கும் கூடியது எட்டுதான். மிச்சமும் ஒன்றுதானே என்று தோன்றும்.

இதையே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலாமவருடைய செலவு 8.3 லிட்டரிலிருந்து 5 லிட்டராகிறது, 3.3 லிட்டர் மிச்சம். இரண்டாமவருக்கு 5 லிட்டர் 3.6 ஆகிறது, மிச்சம் 1.4 லிட்டர்தான். பெட்ரோல் குடிக்கும் பழைய காரை மாற்றுபவருக்குத்தான் ஆதாயம் அதிகம். ஏற்கனவே சிக்கனமான சிறிய கார் வைத்திருப்பவர், எண் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மாற்றினால் கையில் மிஞ்சுவது கொஞ்சமே.

ரிங்கிட் கணக்கு

பணத்துக்கு வருவோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் 12-இலிருந்து 20-க்கு மாறினால் மாதம் 50 லிட்டர் மிச்சமாகும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின்படி மலேசியர்களுக்கு ரோன் 95 லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் என்று விலை வைக்கப்பட்டது. அந்த விலைக்கு மாதம் 100 ரிங்கிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 ரிங்கிட் கையில் நிற்கும். ஹைபிரிட் காருக்கு 15,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். வாடகைக் கார் ஓட்டி மாதம் 4,000 கிலோமீட்டர் நகருக்குள் சுற்றுபவருக்கோ அதே பணம் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும்.

இதனால் ஹைபிரிட் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் நம் பையைத் தாண்டிய கணக்கும் உண்டு. திட்டம் தொடங்கியபோது மானியமில்லாத விலை 2 ரிங்கிட் 60 சென். அப்படியானால் அந்தக் குடும்பம் ஆண்டுக்கு மிச்சப்படுத்தும் 600 லிட்டரால் அரசுக்கு மிஞ்சும் மானியம் 366 ரிங்கிட். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். 600 லிட்டருக்கு அது 1,380 கிலோ. ஒரு காரின் எடையைவிட அதிகம். காற்றைக் காப்பதற்காக வாங்குகிறேன் என்று சொல்பவரை நான் வணங்குகிறேன். பணத்தை மிச்சப்படுத்த வாங்குகிறேன் என்பவர் மட்டும் முதலில் தம் சாலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு

2011 முதல் 2013 முடிய, 2,000 சிசிக்குக் குறைந்த இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு அரசு முழு வரிவிலக்கு அளித்தது. ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் போன்றவை நம் சாலைகளில் பெருகியது அப்போதுதான். அவற்றில் பல இன்று மூன்றாவது, நான்காவது கைக்கு மாறி வருகின்றன. மலிவாகக் கிடைக்கிறது, எண்ணெயும் மிச்சம் என்று முதல் கார் தேடும் இளையோர் இவற்றை நாடுகிறார்கள்.

இவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியது. ஹைபிரிட் காரின் கணினி பேட்டரியை முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாகக் காலியாகவும் விடாது. நடுவிலேயே வைத்திருப்பதால்தான் அது பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆனால், சூடு அதற்கு எதிரி. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் ஓரத்தில் உள்ள துவாரம் வழியாகப் போகிறது. அதன்மேல் பையையும் துணியையும் குவித்துவைத்தால், அல்லது அதன் வடிகட்டியைப் பல ஆண்டுகள் தூசு தட்டாமல் விட்டால், பேட்டரி வெந்துபோகும். இது தெரியாமலே கார் ஓட்டும் உரிமையாளர்கள் நிறைய இருக்கிறார்கள். பேட்டரியை மாற்ற 5,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே பார்த்த குடும்பம் நான்கு ஆண்டுகளில் மிச்சம் பிடித்தது முழுவதும் அதற்கே போய்விடும்.

ஆகவே இரண்டு மாற்றங்கள் வரவேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, கார் விற்போர் நகர ஓட்டத்துக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கும் தனித்தனியாக, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று விளம்பரத்திலேயே போட வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தேசிய வாகனக் கொள்கை, எரிபொருள் சிக்கனமுள்ள வாகனங்களை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற அளவில்தான் வகைப்படுத்தியது. அரசு பயன்படுத்தும் அளவு பொதுமக்கள் கண்ணிலும் படட்டுமே. இரண்டு, பழைய ஹைபிரிட் கார் கைமாறும்போது பேட்டரியின் நிலையைச் சோதித்த அறிக்கை கட்டாயமாக வேண்டும். காரின் கணினியில் கருவியைச் செருகி, ஒவ்வொரு மின்கலத் தொகுதியின் மின்னழுத்தத்தையும் படித்துவிட முடியும். சொல்லிக்கொள்ளும்படி நேரமோ செலவோ ஆகாத வேலை. அதைச் செய்து காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்த மாற்றங்கள் வரும்வரை வாசகர்கள் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மாதம் எங்கெங்கே போகிறீர்கள், நெரிசலில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, ஒரு தடவைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். கார் கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் எண்ணைச் சொன்னதும், “இது எந்தச் சாலையில் கிடைத்தது?” என்று கேளுங்கள்.