மிச்சமான அந்த ஒரு மணி நேரம் எங்க போச்சு?

கலவை பக்கத்துல ஷூ அப்பர் தைக்கிற சின்ன யூனிட் வச்சிருக்கறவர் ஒருத்தர் பிபி பார்க்க வந்தார். 160/100. மாத்திரை தவறாம போடறார், ஊறுகாயை விட்டுட்டார். நைட்டு எத்தனை மணிக்குத் தூங்குவீங்கன்னு கேட்டேன்.

"ஒரு மணி ஆயிடும் சார். பகல்ல ஆளுங்க கூடவே நிக்கணும். சலான், பில்லு, வாட்ஸ்அப் பதில் எல்லாம் நைட்டுதான்."

மருந்தை மாத்திக் கொடுத்தேன். ஆனா காலையில 6 மணிக்கு எழுந்திருக்கிற ஆள், ராத்திரி 1 மணிக்குப் படுத்தா எந்த மருந்தும் முழுசா வேலை செய்யாது. அதனால அந்த நைட்டு வேலையில எதை ஏஐகிட்ட தள்ளலாம்னு பேச ஆரம்பிச்சோம். டாக்டருக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க. கிளினிக்கும் ஒரு சின்ன வியாபாரம்தான், எனக்கும் பில்லு இருக்கு.

முதல்ல சுலபமானது. "லோடு எப்ப வரும்", "கடை திறந்திருக்கா" மாதிரி தினம் வர்ற கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்லயே பதிலை எழுதி வச்சிடலாம். காசு கிடையாது. இதுக்கு ஏஐ கூடத் தேவையில்ல.

அடுத்தது சலான். கையால எழுதின டெலிவரி சலானை போட்டோ எடுத்து சாட்ஜிபிடியிலயோ ஜெமினியிலயோ போட்டு, தமிழ்லயே "தேதி, ஆர்டிக்கிள், ஜோடி, ரேட்டுன்னு டேபிளா போடு"ன்னு சொன்னா போட்டுடும். ஜாப் ஒர்க் பண்றவங்களுக்கு இது சும்மா சவுகரியம் இல்ல. கம்பெனி அனுப்பின லெதரும் லைனிங்கும் 1 வருஷத்துக்குள்ள திரும்பிப் போகலன்னா, ஜிஎஸ்டியில அதை சப்ளையா எடுத்துப்பாங்க. எது எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னு கணக்கு இருந்தே ஆகணும்.

ஆனா இதுவே தப்பும் பண்ணும். இவர் எழுதற 1 பார்க்க 7 மாதிரி இருக்கும். 150 ஜோடியை 750 ஜோடின்னு கொஞ்சமும் தயங்காம போட்டுச்சு. "தெரியல"ன்னு சொல்ல அதுக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. அதனால டேபிள் போடறது அது, கடைசி கூட்டலைப் பார்க்கறது நீங்க. அதே மாதிரி லெட்டர் எழுதறது அது, அனுப்பற பட்டனை அமுக்கறது நீங்க.

லெட்டர்னு சொன்னேன் இல்ல, உண்மையில இவர் தூக்கத்தைக் கெடுத்தது சலான் இல்ல, வராத பணம். அப்பரை அனுப்பி 3 மாசம் ஆகியும் காசு வரல. கேட்டா அடுத்த ஆர்டர் போயிடுமோன்னு பயம். இங்கிலீஷ்ல மரியாதையா, அதே சமயம் அழுத்தமா எழுத வராது. இந்த வேலைக்கு ஏஐ அருமையான ஆளு. உத்யம் பதிவு இருக்கற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. பிரிவு 15, 16. அந்த எண்களை நீங்களே சொல்லிக் கொடுங்க. விட்டா அதுவா ஒரு பிரிவைக் கற்பனை பண்ணி எழுதிடும். அப்பவும் பணம் வரலன்னா புகார் போடலாம்.

தினம் ஒரு மணி நேரமாவது மிச்சமாச்சுன்னு சந்தோஷமா போன் பண்ணார். அடுத்த மாசம் வந்தார். பிபி அப்படியே இருந்துச்சு.

நேரம் மிச்சமானதும் இன்னொரு பார்ட்டிகிட்ட ஆர்டர் எடுத்திருக்கார். தூங்கற நேரம் ஒன்றரை மணி ஆயிடுச்சு!

எனக்குக் கோபம் வந்துச்சு. அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லன்னும் தெரியும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்ப ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு இந்த பெல்ட் முழுக்க பயந்துபோச்சு. வர்ற ஆர்டரை யார்தான் விடுவாங்க? ஆனாலும் சொல்றேன். மிச்சமான முதல் மணி நேரம் தூக்கத்துக்கு. 11 மணிக்கு போனை வேற ரூம்ல வச்சிடுங்க.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஓனர் நேரத்தை மிச்சம் பண்ண வந்த கருவி, சீக்கிரமே ஆளுங்க நேரத்தை அளக்க ஆரம்பிச்சிடும். எந்த மெஷின் எத்தனை நிமிஷம் சும்மா நின்னுச்சுன்னு கேமரா வச்சு எண்ணறாங்க. தையல் செக்‌ஷன் பொண்ணுங்க யூரின் இன்ஃபெக்‌ஷனோட என்கிட்ட வர்றாங்க. தண்ணி குடிக்கிறீங்களாம்மான்னு கேட்டா, "குடிச்சா எந்திரிக்கணும் சார், எந்திரிச்சா பீஸ் குறையும்"னு பதில் வருது. அந்த நிமிஷத்தை மிச்சம்னு கணக்கு எழுதாதீங்க. அதுக்கான பில்லை அந்தப் பொண்ணோட கிட்னிதான் கட்டுது.

ரெண்டாவதா ஒரு மணி நேரம் கிடைச்சா அதை ஷெட்டுக்குக் கொடுங்க. ஒட்டற சொல்யூஷன் டின்னைப் பாருங்க. சில சொல்யூஷன்ல என்-ஹெக்ஸேன் இருக்கும். காத்தோட்டம் இல்லாத ரூம்ல மாசக்கணக்கா சுவாசிச்சா கால் மரத்துப்போகும், பலம் குறையும், செருப்பு கழண்டது கூடத் தெரியாது. ஜப்பான்லயும் இத்தாலியிலயும் செருப்பு, ஷூ தொழிலாளிகளுக்கு இப்படி வந்தது மருத்துவத்துல பதிவான விஷயம். இங்க இதை சுகர்னோ பி12 குறைவுன்னோ நினைச்சு விட்டுடுவோம்.

சப்ளையர்கிட்ட சேஃப்டி டேட்டா ஷீட் கேளுங்க. 16 பகுதி, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். 3ஆம் பகுதியில 110-54-3ங்கற எண் இருக்கான்னு பாருங்க, அதான் என்-ஹெக்ஸேன். 4ஆம் பகுதி முதலுதவி, 8ஆம் பகுதி பாதுகாப்பு. இந்த ரெண்டையும் ஏஐ வச்சு தமிழாக்கி, தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டி, ஒட்டற டேபிளுக்கு மேல மாட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க, அதை எந்த ஆப்பும் மாட்டித் தராது.

ஆளுங்களோட ஆதாரையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் மட்டும் இந்த இலவச கருவிகள்ல ஏத்தாதீங்க.

நம்ம ஆளு போன வாரம் வந்தார். 140/90. இன்னும் குறையணும். ஃபேன் மாட்டிட்டார். டேட்டா ஷீட் கேட்டிருக்கார், சப்ளையர் இன்னும் கொடுக்கல. அந்த ஒரு மெசேஜை மட்டும் தானா போற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கார், வாராவாரம் திங்கக்கிழமை காலையில 9 மணிக்கு.