நகையை மறந்த நாவல்

ஓர் எழுத்தாளரை மிக விரும்பிவிட்டால், அவருடைய குறையுள்ள நூலுக்கும் நாம் வழக்கறிஞராகிவிடுகிறோம். ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் ‘மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்’ (1992) என்னும் நாவலுக்காக நானும் நண்பர்களிடம் நெடுங்காலம் வாதாடியவன். இன்று அவ்வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

1978-இல் பி.பி.சி. வானொலித் தொடராகத் தோன்றி, 1979-இல் நாவலாகவும் வந்தது ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’. ஆர்தர் டெண்ட் என்னும் எளிய ஆங்கிலேயர், புறவழிச்சாலைக்காகத் தம் வீட்டை இடிக்க வந்த புல்டோசரின் முன் சேற்றில் படுத்து மறிக்கிறார். அன்றே விண்வெளிப் புறவழிச்சாலை ஒன்றுக்காகப் பூமியே இடிக்கப்பட்டுவிடுகிறது! வீட்டில் அணிந்திருந்த அங்கியோடு அண்டவெளியில் அலையும் அம்மனிதர் ஏங்குவதெல்லாம் ஒரு கோப்பை நல்ல தேநீருக்கே. அடுத்த நூலில், தேநீர் தயாரிக்கும் சிக்கலில் கப்பலின் கணிப்பொறி மூழ்கிவிட, பகைவர் தாக்கும் வேளையில் கப்பல் செயலற்று நிற்கிறது. நல்ல பில்டர் காப்பிக்காக வடபுலத்து நகரங்களில் கடைகடையாய் ஏறி இறங்கிய நம்மவர் இதைப் படித்துச் சிரிக்காதிருக்க இயலுமா?

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைத் தொல்காப்பியர் வகுத்தார். ஆடம்ஸின் தொடக்க நூல்களில் நான்கும் உண்டு. ஆர்தரின் பேதைமையை நாம் அன்போடு நகைத்தோம். ஐந்தாம் நூலாகிய இதிலோ எள்ளல் ஒன்றே எஞ்சி நிற்கிறது.

நான்காம் நூலில் (1984) ஆர்தருக்கு வாய்த்த காதலி ஃபென்சர்ச், இந்நூலில் விண்கலப் பயணத்தினிடையே பக்கத்து இருக்கையிலிருந்து மறைந்துபோகிறாள். ஒரு நாவல் முழுதும் வளர்ந்த காதல் சில வரிகளில் தீர்ந்தது. புதிய கதைக்கு அவள் இடைஞ்சல் என்பதன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. சிற்றூர் ஒன்றில் ஆர்தர் சாண்ட்விச் செய்பவராகி மதிப்போடு வாழும் பகுதி மட்டும் பழைய ஆடம்ஸ்தான். அதை மறுக்க மாட்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது அவர் மகள் ராண்டத்தின் கதி. தனக்கென ஓர் ஊரோ கோளோ இல்லாமல் வளர்ந்த சிறுமி அவள். “சொந்த ஊர் எது?” என்ற கேள்விக்கு நம் பிள்ளைகள் விழிப்பதைக் கண்டிருக்கிறோம், அவளை நமக்கு நன்றாகத் தெரியும். வீட்டைத் தேடி அவள் பூமிக்கு வருகிறாள். ஆசிரியரோ, எல்லாப் பரிமாணங்களிலும் உள்ள எல்லாப் பூமிகளையும் அழித்துக் கதையை முடிக்கிறார்.

தொடங்கிய இடத்திலேயே முடிவதுதான் கலை என்பர் ஆதரவாளர். மதுரை எரிந்து முடிந்ததால் சிலம்பை யாரும் வெறுப்பதில்லை. அத்தீயின் பின்னே ஓர் அநீதி நின்றது. இங்கே நிற்பது முதல் நூலில் நம்மைச் சிரிக்கவைத்த அதே அலுவலகப் பிடிவாதம். இரண்டாம் முறை வரும்போது அது நகையாகவுமில்லை, அவலமாகவுமில்லை. எழுதியவரின் சலிப்புக்குப் பாத்திரங்கள் பலியாயினர் என்றே சொல்வேன்.

நூல் இருண்டுபோனதை ஆடம்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார். சற்று மகிழ்ச்சியான முடிவைத் தர விரும்பினார். 2001-இல், 49 வயதில் மறைந்தார். 2009-இல் ஓயின் கோல்ஃபர் என்னும் அயர்லாந்து எழுத்தாளர் ஆறாம் நூலை எழுதினார். அதை நான் வாங்கவில்லை. ராண்டத்துக்கு ஒரு வீடு தரவேண்டிய கடன் ஆடம்ஸுடையது.