வாட் கணக்கும் தம்புராவும்

அண்மையில் நண்பரொருவர், புதிதாக வாங்கிய ஒலிக்கருவியைக் காட்டுவதற்காக வீட்டுக்கு அழைத்திருந்தார். கண்ணாடி அலமாரியின் மூலைகளில் ஸ்பீக்கர்கள், தரையில் பெரிய சப்வூஃபர். எம்.டி. ராமநாதனின் பழைய கச்சேரிப் பதிவொன்றை ஒலிக்கவிட்டார். மிருதங்கத்தின் தொப்பி இடியாக முழங்கியது. அந்த மந்தரக் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. தம்புரா இருந்த சுவடே இல்லை. "ஆயிரம் வாட், சார்" என்றார் பெருமையுடன்.

பக்க எண்ணிக்கையைப் பார்த்து நாவல் வாங்காத நாம், ஒலிக்கருவியை மட்டும் ஏன் எண்ணைப் பார்த்து வாங்குகிறோம்? அட்டைப்பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. என்று அச்சிடும் எண், எந்தப் பொது வரையறைக்கும் கட்டுப்படாத விளம்பரக் கணக்கு. கருவி தொடர்ந்து வழங்கக்கூடிய ஆற்றல் அதில் சிறு பங்கே. ஆற்றலை இருமடங்காக்கினாலும் ஓசை கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமெனில் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

1970களில் பி.பி.சி. பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தனர். உயரம் ஓரடிதான். கீழ்க்குரலின் ஆழத்தை அது எட்டாது, உரக்கவும் ஒலிக்காது. ஆனால் மனிதக் குரலை மனிதக் குரலாகவே தந்தது. இன்றும் ரசிகர்கள் அதைத் தேடி வாங்குவது அதனால்தான். குரலையே உயிராகக் கொண்ட நம் இசைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதனால், பொன்விலைக்குக் கேபிள் விற்று மாயம் பேசுவோரின் கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நான் சொல்வது எளிது. நன்கு பழகிய ஒரு குரலிசைப் பதிவைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். இரு கருவிகளையும் ஒரே ஓசையளவில் ஒப்பிடுங்கள். உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் மயக்கம் எல்லார்க்கும் உண்டு. தம்புராவின் ரீங்காரம் பாட்டினூடே அறுபடாமல் கேட்கிறதா, அரைமணி நேரம் கேட்டும் காது சலிக்கவில்லையா என்று பாருங்கள். வாங்கிய பின், மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். மூலை கீழ்க்குரலை ஊதிப் பெரிதாக்கும். வெற்றுச் சுவருக்கு ஒரு திரைச்சீலை, மொசைக் தரைக்கு ஒரு ஜமுக்காளம் போதும்.

அன்று சப்வூஃபரை அணைத்தோம். ஸ்பீக்கர்கள் இரண்டை முன்னே இழுத்து வைத்தோம். தம்புரா கேட்டது. நண்பர் அதன்பின் வாட் பற்றிப் பேசவில்லை. பதிவு முடியும்வரை எதுவுமே பேசவில்லை.

கச்சேரியில் சுருதி அரை இழை விலகினாலும் முகம் சுளிக்கும் ரசிகர்கள் நாம். அந்தக் காதைக் கடைவாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவானேன்?